ஜெய்ராம் ரமேஷ் எதை நிறுத்தினார்?

மன்மோகன் சிங் ஆட்சியின் இரண்டாம் ஐந்தாண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் தொழில் கூட்டமைப்புகளும் வணிகப் பத்திரிகைகளும் ஒரு கதையைத் தவறாமல் ஒப்பிக்கும். 2009 மே மாதம் ஜெய்ராம் ரமேஷ் சுற்றுச்சூழல் அமைச்சராக வந்தார். கோப்புகள் தேங்கின. சுரங்கம், உருக்காலை, அணை, விமான நிலையம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் மறித்தார். முதலீட்டாளர்கள் மிரண்டார்கள், வளர்ச்சி படுத்துவிட்டது. சொல்லிச் சொல்லியே வரலாறாகிவிட்ட கதை இது. இன்று சுற்றுச்சூழல் விதிகளில் ஒன்றைத் தளர்த்த வேண்டுமென்றாலும், ‘அந்தக் காலம் திரும்பக் கூடாது’ என்று தொடங்கிவிட்டால் போதும், மேற்கொண்டு வாதமே தேவைப்படுவதில்லை.

பசுமை ஆர்வலர்கள் பலர் இதே கதையை மறுபுறமிருந்து சொல்கிறார்கள். ஒற்றை ஆளாக நின்று காடுகளைக் காத்த அமைச்சர், அதனாலேயே தூக்கியெறியப்பட்டவர் என்பது அவர்கள் தரப்பு. வில்லன் நாயகனாகிறான். மற்றபடி கதை மாறுவதில்லை. அவர் எல்லாவற்றையும் நிறுத்தினார் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. அந்த இடத்தில்தான் இருவரும் தவறுகிறார்கள். அவர் மறுத்த பெரிய திட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கையெழுத்திட்டு அனுப்பியவையோ அதைவிடப் பல மடங்கு. பிறகு ஏன் அத்தனை கோபம்? ஏன் அனுமதித்தேன், ஏன் மறுத்தேன் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதி, ஊரார் படிக்கும்படி வெளியிட்டார். தொழில்துறைக்கும் சக அமைச்சர்களுக்கும் செரிக்காமல் போனது அதுதான்.

போஸ்கோவிலிருந்து தொடங்குவோம். ஒடிசாவின் ஜகத்சிங்பூர் மாவட்டக் கடற்கரையில், ஆண்டுக்கு 1.2 கோடி டன் உருக்கு உற்பத்தி செய்யவும் தனித் துறைமுகம் கட்டவும் தென்கொரிய நிறுவனம் 2005இல் ஒப்பந்தம் போட்டது. ஐம்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட முதலீடு. இந்தியாவுக்கு வரவிருந்த அந்நிய நேரடி முதலீடுகளிலேயே பெரியது என்று அப்போது கொண்டாடப்பட்டது. அந்த நிலத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள் இருந்தன. அவற்றை நம்பி வாழ்ந்தவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். வன உரிமைச் சட்டம் அங்கே மீறப்பட்டதா என்று ஆராய 2010இல் ஜெய்ராமே ஒரு குழு அமைத்தார். நால்வர் குழுவில் மூவர், அனுமதிகளை ரத்து செய்யச் சொன்னார்கள். ‘முட்டுக்கட்டை அமைச்சர்’ என்ன செய்திருக்க வேண்டும்? ஆனந்தமாக ரத்து செய்திருக்க வேண்டும். அவரோ 2011 ஜனவரி 31 அன்று அறுபது நிபந்தனைகளுடன் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார். மே மாதம் 2ஆம் தேதி இறுதி வன அனுமதியும் போய்ச்சேர்ந்தது. இடையில் இரண்டு ஊர்களிலிருந்து கிராம சபைத் தீர்மானங்கள் வந்து நின்றன. அவை செல்லாது என்றது மாநில அரசு. மாநில அரசின் சொல்லை நம்பித்தான் ஆக வேண்டும், கூட்டாட்சி அதில்தான் நிற்கிறது என்ற வகையில் விளக்கம் எழுதி, மக்களின் தீர்மானத்தை ஒதுக்கி வைத்தார்.

இதைச் செய்தவரைத்தான் தொழிலுக்கு எதிரி என்கிறார்கள். அவர் அனுமதி கொடுத்த பிறகும் ஆலை வரவில்லையே என்றால், அதற்குப் பதில் வேறிடத்தில் இருக்கிறது. 2012 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. சுரங்க ஒதுக்கீடு கைகூடவில்லை. நிலம் கொடுக்க ஊர் கடைசிவரை இணங்கவில்லை. 2017இல் போஸ்கோ மூட்டை கட்டியது. நிலம் பிறகு ஜிண்டால் குழுமத்தின் பக்கம் போனது.

ஜெய்தாபூர் இன்னொன்று. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரிக் கரையில் 9,900 மெகாவாட் அணுமின் நிலையம். 2010 நவம்பர் இறுதியில் முப்பத்தைந்து நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார். அடுத்த வாரமே பிரான்ஸ் அதிபர் சர்கோஸி வந்திறங்கினார், ஒப்பந்தம் கையெழுத்தானது. முடிவில் சுற்றுச்சூழலைத் தாண்டிய ராஜதந்திரக் கணக்குகளும் இருந்ததை ஜெய்ராம் மறைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஓர் உலைக்கும் இன்னும் அடித்தளம் போடப்படவில்லை. விலையிலும் விபத்துப் பொறுப்பிலும் சிக்கிக் கிடக்கும் திட்டத்துக்கு எந்தச் சுற்றுச்சூழல் அமைச்சரும் குறுக்கே நிற்கவில்லை.

நவி மும்பை விமான நிலையமும் அப்படியே. அலையாத்திக் காடு அழிகிறது, ஆற்றின் போக்கு மாற்றப்படுகிறது என்று ஜெய்ராம் எதிர்ப்புக் காட்டியது உண்மைதான். சில மாத இழுபறி. 2010 நவம்பரிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. கட்டுமானத்துக்கான ஏலம் முடிவானது 2017இல். அடிக்கல் 2018இல். திறப்பு விழா 2025 அக்டோபரில். சில மாதத் தாமதத்துக்கு ஊரெல்லாம் ஒருவரைத் திட்டினார்கள். அதற்குப் பின் போன பதினைந்து ஆண்டுக்கு யாரையும் யாரும் திட்டக் காணோம்.

வளர்ச்சி படுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டுக்கு நாள்காட்டியே போதும். அவர் அந்த நாற்காலியில் இருந்தது 2009 மே முதல் 2011 ஜூலை வரை. 2009–10, 2010–11 ஆகிய அவ்விரு நிதியாண்டுகளிலும் நாட்டின் பொருளாதாரம் எட்டு விழுக்காட்டை ஒட்டி வளர்ந்தது. சரிவு தொடங்கியது அவர் போன பிறகு. சுற்றுச்சூழல் அனுமதியின் விளைவு பொருளாதாரத்தில் தெரியச் சில ஆண்டுகள் ஆகும் என்று சிலர் சமாளிப்பார்கள். ஆகட்டும். அப்படியானால் அந்தச் சில ஆண்டுகளில் நடந்த மற்றவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? அலைக்கற்றை வழக்கு, ஏறிய வட்டி, வாராக்கடன் சுமையில் முடங்கிய வங்கிகள், மின்சாரம் வாங்கப் பணமில்லாத மாநில மின்வாரியங்கள். இத்தனையையும் விட்டுவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் பதவியிலிருந்த ஒரு தனிப்பொறுப்பு இணையமைச்சரின் பேனாவை மட்டும் பிடித்துக்கொள்வது வசதியான பொருளாதாரம்.

நிலக்கரிக்கு வருகிறேன், ஏனென்றால் கோபத்தின் ஊற்று அங்கேதான். அடர்ந்த காட்டுக்கு அடியில் உள்ள நிலக்கரியைத் தொடக் கூடாது, மற்ற இடங்களில் தோண்டலாம் என்று ஒன்பது நிலக்கரி வயல்களை ‘போகலாம்’, ‘போகக் கூடாது’ எனப் பிரித்து வரைபடம் போட்டார்கள். அந்த ஆய்வை நிலக்கரி அமைச்சகமும் சேர்ந்தே செய்தது என்பதைக் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுவார்கள். வரைபடம் வந்ததும் நிலக்கரி, மின்சாரத் துறைகள் கொதித்தெழுந்தன. 2011 பிப்ரவரியில் பிரணாப் முகர்ஜி தலைமையில் அமைச்சர்கள் குழு போடப்பட்டது. வரைபடம் கிடப்பில் போனது. அதாவது, நாட்டையே இருட்டில் தள்ளியதாகச் சொல்லப்படும் அந்தத் தடை சட்டமாகவே ஆகவில்லை. மறுபுறம், தனியாருக்கு முன்பே ஒதுக்கப்பட்ட சுரங்கத் தொகுதிகள் பல ஆண்டுக்கணக்கில் தோண்டப்படாமல் கிடந்தன. அந்த ஒதுக்கீட்டின் லட்சணம் 2014 செப்டம்பரில் தெரிந்தது. உச்ச நீதிமன்றம் இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளை ஒரே தீர்ப்பில் ரத்து செய்தது.

சரி, அவர் நிஜமாகவே மறுத்த ஒன்றைப் பார்க்கலாம். நியம்கிரி. ஒடிசாவில் டோங்ரியா கோந்த் பழங்குடிகளின் மலை. அதன் உச்சியிலுள்ள பாக்சைட், அடிவாரத்தில் லாஞ்சிகரில் வேதாந்தா கட்டியிருந்த அலுமினா ஆலைக்கு வேண்டும். ஸ்டெர்லைட் என்ற பெயரில் தூத்துக்குடி அறிந்த அதே குழுமம். ஆலையை ஆறு மடங்கு விரிவாக்கும் வேலையை அனுமதி வாங்காமலே தொடங்கியிருந்தார்கள். இதை என்.சி. சக்சேனா தலைமையிலான குழு அறிக்கையாக எழுதியது. 2010 ஆகஸ்ட் 24 அன்று ஜெய்ராம் சுரங்கத்துக்கான வன அனுமதியை மறுத்தார்.

இதை அமைச்சர் ஒருவரின் பிடிவாதம் என்பவர்கள் அடுத்து நடந்ததைப் படிக்க வேண்டும். ஒடிசா சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. எந்தெந்த ஊர் என்பதை மாநில அரசே தேர்ந்தெடுத்தது. பன்னிரண்டு ஊர்கள். மாவட்ட நீதிபதி முன்னிலையில் கூட்டம். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. ஓர் ஊர்கூட மாற்றிச் சொல்லவில்லை. 2016இல் மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று ஒடிசா அரசு முயன்றது. நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. அமைச்சரின் ஒற்றைக் கையெழுத்து என்று இகழப்பட்ட ஒன்றை, நாட்டின் உச்ச நீதிமன்றமும் அந்த மலையின் மக்களும் ஆட்சி மாறிய பிறகும் வழிமொழிந்திருக்கிறார்கள்.

மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காயில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. 2009 அக்டோபரில் மரபணு மாற்றத்துக்கான மதிப்பீட்டுக் குழு பச்சைக்கொடி காட்டியது. ஜெய்ராம் ஏழு நகரங்களில் பொதுக் கூட்டம் போட்டு விவசாயிகள், விஞ்ஞானிகள், விதை நிறுவனங்கள் எல்லோரையும் பேசவிட்டார். அவற்றில் சில கூட்டங்கள் சந்தைக்கடை ஆயின. 2010 பிப்ரவரி 9 அன்று தற்காலிகத் தடை. மஹிகோ விதை நிறுவனத்தோடு கைகோத்து, நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உழைத்து உருவாக்கிய ரகங்களும் அதோடு நின்றன. அடுத்த வீட்டு வங்கதேசம் 2013இல் இதே கத்தரியைச் சாகுபடிக்கு அனுமதித்தது. அங்கே பூச்சிமருந்துச் செலவு குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. அறிவியலை மேடைக்கூச்சலில் மூழ்கடித்துவிட்டார் என்று விஞ்ஞானிகள் வருந்தியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் போட்டது நிரந்தரத் தடை அன்று. என்னென்ன சோதனைகள் நடந்தால் நீக்கலாம் என்று அந்த உத்தரவிலேயே வழி சொல்லப்பட்டிருக்கிறது. 2014 முதல் ஆளுகிறவர்கள் அவருடைய அரசியல் எதிரிகள். அவருடைய முடிவுகளைத் திருத்துவதில் அவர்களுக்குக் கூச்சமும் இல்லை. கத்தரிக்காயை மட்டும் ஏன் இதுவரை தொடவில்லை? தடைக்குப் பொறுப்பேற்க ஜெய்ராம் என்ற பெயர் தயாராக இருக்கும்போது, தடையை நீக்கி வாங்கிக்கட்டிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை?

அவருடைய வாய் தனி விஷயம். பட்டமளிப்பு விழாவில் மேலங்கியைக் கழற்றி, வெள்ளைக்காரன் விட்டுப்போன காட்டுமிராண்டித்தனம் என்றார். பெய்ஜிங்கில் நின்றுகொண்டு, சீன நிறுவனங்களைக் கண்டு உள்துறை அமைச்சகம் வீணாக அஞ்சுகிறது என்றார். பிரதமரிடம் திட்டு வாங்கினார். அசுத்தத்துக்கு நோபல் பரிசு இருந்தால் இந்தியாவுக்குத்தான் என்றார். இவற்றை ரசிக்கலாம். போபாலில் செய்ததை ரசிக்க முடியாது. யூனியன் கார்பைடு வளாகத்தின் மண்ணைக் கையில் எடுத்துக் காட்டி, நான் உயிரோடுதானே இருக்கிறேன் என்றார். ஆயிரக்கணக்கானோர் மூச்சடைத்துச் செத்த ஊரில் சொல்லக் கூடிய பேச்சா அது? இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த மண்ணோடு மல்லுக்கட்டியவர்களின் வயிற்றெரிச்சலை அவர் தேடிப் பெற்றுக்கொண்டார். இந்த வாய்த்துடுக்குதான் ‘தடைபோடுகிறவர்’ என்ற பிம்பத்தை ஊதிப் பெரிதாக்கியது என்று நினைக்கிறேன். அவர் பேசியதைக் கேட்டவர்கள், கையெழுத்திட்டதைப் படிக்கவில்லை.

உள்நாட்டில் தொழிலுக்கு எதிரி என்ற அதே ஆளை, பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் மேற்கு நாடுகளுக்கு விலைபோனவர் என்றார்கள். கோபன்ஹேகன் மாநாட்டுக்கு முன், 2005ஐ அடிப்படையாக வைத்து 2020க்குள் உமிழ்வுச் செறிவை 20 முதல் 25 விழுக்காடு குறைப்போம் என்று மக்களவையில் அறிவித்தபோது, இடதுசாரிகளும் பா.ஜ.க.வும் சேர்ந்து எதிர்த்தன. நம் பேச்சுவார்த்தைக் குழுவிலேயே மூத்தவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். இரண்டு பட்டங்களும் ஒருவருக்கே எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பில் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. கட்சி பார்த்து முடிவெடுத்தார் என்பது. நியம்கிரி மறுப்பு வந்த இரண்டாம் நாள் ராகுல் காந்தி லாஞ்சிகருக்குப் போய், தில்லியில் நான் உங்கள் சிப்பாய் என்று முழங்கினார். ஒடிசாவில் ஆண்டது பிஜு ஜனதா தளம். அதே காலகட்டத்தில் போலாவரம் அணைக்கு வன அனுமதி கிடைத்தது. ஆந்திரத்தில் ஆண்டது காங்கிரஸ். ஜெய்ராம் அப்போது மாநிலங்களவையில் இருந்ததும் ஆந்திரத்தின் சார்பில். இது தற்செயல் என்று சாதிக்க நான் வரவில்லை. போலாவரத்தில் மூழ்கும் பழங்குடி ஊர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் நியம்கிரியின் நியாயம் அங்கே எங்கே போயிற்று என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் லவாசா மலை நகரத் திட்டத்தில் வேலையை நிறுத்தச் சொன்னதும், மும்பை ஆதர்ஷ் அடுக்குமாடிக் கட்டடத்தை இடிக்க உத்தரவிட்டதும் காங்கிரஸ் கூட்டணி ஆண்ட மகாராஷ்டிரத்தில். தன் கட்சி முதலமைச்சரின் பதவியைப் பறித்த விவகாரம் ஆதர்ஷ். போஸ்கோவுக்கு அனுமதி கொடுத்ததோ அதே பிஜு ஜனதா தள ஒடிசாவில். கட்சிக்கணக்கு என்ற ஒரே சாவியால் இத்தனை பூட்டும் திறக்காது. இன்னொன்றும் உண்டு. இந்தக் குற்றச்சாட்டை இவ்வளவு விவரத்தோடு நாம் வைக்க முடிவதே அவர் காரணங்களை எழுதி வைத்ததால்தான். இன்றைய அனுமதிகளைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விரைவில் அனுமதி தரும் மாநிலங்களுக்கு மதிப்பெண் தரும் காலம் இது. ஒப்பிட்டுப் பார்க்க இப்படி விரித்தெழுதிய காரணங்கள் கிடைப்பது அரிது.

அவருக்கு முன்பு அனுமதி என்பது சந்தடியில்லாத வியாபாரம். கோப்பு மேசைக்கு மேசை நகரும், இறுதியில் ஒரு வரியில் ஆம் அல்லது இல்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எது நடந்திருந்தாலும் வெளியே தெரியாது. ஜெய்ராம் உத்தரவுகளை நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி எழுதினார். ஆதரவாக வந்ததும் எதிராக வந்ததும் அதில் இருக்கும். கடலோர ஒழுங்காற்று விதிகளை மாற்றும் முன் எம்.எஸ். சுவாமிநாதன் குழுவின் பேச்சைக் கேட்டு முந்தைய வரைவைக் கைவிட்டார். சென்னை உட்படக் கடற்கரை நகரங்களில் மீனவர்களை உட்காரவைத்துப் பேசினார். அதன் பிறகுதான் 2011 ஜனவரியில் புதிய அறிவிக்கை வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010இல் அவர் கொண்டுவந்தது. தான் எழுதும் உத்தரவை யார் வேண்டுமானாலும் எதிர்த்து வழக்காடத் தனி மன்றம் ஒன்றைத் தானே அமைத்துக்கொடுத்த அமைச்சர்கள் இந்த நாட்டில் அதிகம் இல்லை. போஸ்கோவுக்கு அவர் கொடுத்த அனுமதியை நிறுத்தியது அந்த மன்றம்தான்.

அவர் செய்தவற்றில் நீடித்தது எது, கரைந்தது எது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2009 ஆகஸ்ட் 3 அன்று அவருடைய அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதானால், அங்குள்ளவர்களின் வன உரிமைகள் முடித்துவைக்கப்பட வேண்டும், கிராம சபையின் ஒப்புதல் இணைக்கப்பட வேண்டும் என்றது அது. என் கணக்கில் அவருடைய மிகப்பெரிய செயல் இதுவே. ஆனால் அது வெறும் சுற்றறிக்கை. சாலை, மின்தடம் போன்றவற்றுக்கு 2013இல் விலக்கு வந்தது. அப்போதும் ஆண்டது காங்கிரஸ்தான். 2022இன் வனப் பாதுகாப்பு விதிகள் அந்தப் பொறுப்பையே மாநிலங்களிடம் தள்ளிவிட்டன. கோத்தகிரியில் 2010 பிப்ரவரியில் நடந்த கூட்டத்தில் அவர் அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைக் குழுவுக்கும் இதே கதி. குழுவின் தலைவர் மாதவ் காட்கில் அறிக்கை கொடுத்தபோது ஜெய்ராம் அங்கே இல்லை. அமைச்சகம் அதை ஒளித்து வைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் போராடித்தான் 2012இல் வெளியே கொண்டுவர முடிந்தது. மாறாக, ஊரக வளர்ச்சி அமைச்சராகப் பதவி உயர்வு கொடுத்து அவரை அப்புறப்படுத்திய பிறகு, அங்கிருந்து அவர் கொண்டுவந்த 2013இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலைத்தது. மோடி அரசு அவசரச் சட்டம் போட்டு அதை வளைக்கப் பார்த்தது, 2015இல் பின்வாங்கியது. சட்டமாக எழுதியதை அசைக்க நாடாளுமன்றம் தேவைப்படுகிறது. சுற்றறிக்கைக்கு ஒரு துணைச் செயலரின் கையெழுத்து போதும்.

ஆகவே அவர்மீது எனக்குள்ள புகார் தொழிலதிபர்களின் புகாருக்கு நேர் எதிரானது. அவர் எளிதாக இணங்கினார். அறுபது நிபந்தனை, முப்பத்தைந்து நிபந்தனை என்று எழுதிய கை, அவை நிறைவேறுகின்றனவா என்று பார்க்க ஆள் போடவில்லை. அமைச்சகத்தின் வட்டார அலுவலகங்களில் இருந்த சொற்ப அதிகாரிகளால் ஆயிரக்கணக்கான திட்டங்களைச் சுற்றிவர முடியாது என்பது அவருக்குத் தெரியும். மறுக்கத் துணிவில்லாத இடத்தில் நிபந்தனை எழுதினார் என்று சொன்னால் அது கடுமையாக இருக்கும், பொய்யாக இராது. சட்டமீறல்களை முறைப்படுத்தும்படி நெருக்கப்படுகிறேன் என்று அவரே மேடையில் புலம்பியதுண்டு. நெருக்கியவர்களின் பெயரைச் சொல்லியிருந்தால் பிரயோசனப்பட்டிருக்கும்.

இதற்குச் சாட்சி சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் அரண்ட் காடு. ‘போகக் கூடாது’ என்று அந்த வரைபடமே குறித்த காடு. யானைகளின் நடமாட்டமுள்ள, ஹஸ்தேவ் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே பர்சா கிழக்கு, காந்தே பாசன், தாரா தொகுதிகளில் சுரங்கம் கேட்டு வந்த விண்ணப்பங்களை வன ஆலோசனைக் குழு மறுத்தது. 2011 ஜூன் 23 அன்று ஜெய்ராம் குழுவின் பரிந்துரையைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார். இவை காட்டின் ஓரத்தில் இருப்பவை, உள்ளே போக இனி அனுமதிக்கக் கூடாது என்பது அவர் எழுதிய காரணங்களில் ஒன்று. மூன்றே வாரத்தில் அவருடைய பதவி மாறியது. அந்த அனுமதியையும் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் சுரங்கத்தைத் தொடரவிட்டது. ராஜஸ்தான் மின் நிறுவனத்துக்காக அதானி குழுமம் அங்கே தோண்டுகிறது. ஓரம் உள்ளே நகர்ந்துகொண்டே போனது. 2021 அக்டோபரில், காட்டுக்குள் மேலும் சுரங்கம் வேண்டாமென்று அந்த ஊர்களின் பழங்குடிகள் முந்நூறு கிலோமீட்டர் நடந்து ராய்ப்பூர் போனார்கள். அன்று சத்தீஸ்கரையும் ராஜஸ்தானையும் ஆண்டது ஜெய்ராமின் கட்சி. எல்லாவற்றையும் மறித்தார் என்று அவரைத் திட்டுகிறவர்களும் எல்லாவற்றையும் காத்தார் என்று போற்றுகிறவர்களும், 2011 ஜூன் 23 உத்தரவை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுப் பேசட்டும்.